மேற்கு பார்த்த ஜன்னல்

பெரும்பாக்கத்தில் ஓர் அடுக்ககத்தின் ஏழாவது மாடி. கத்திரி வெயில் காலம், பிற்பகல் இரண்டரை மணி. படுக்கையறையின் மேற்கு ஜன்னலுக்கு எதிரே இரண்டு பேர் நிற்கிறார்கள். மூத்தவருக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். காதோரம் நரை, தோளில் ஒரு டர்க்கி டவல், சட்டைப் பையில் பிளேடு பாக்கெட். கூட வந்திருக்கும் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. நீல வாளியில் தண்ணீர் பிடித்து வந்து வைத்துவிட்டு, தரையில் பழைய செய்தித்தாள்களை விரிக்கிறான்.

கட்டிலின் ஓரத்தில் அந்த வீட்டுப் பெரியம்மா உட்கார்ந்திருக்கிறார். எழுபது வயதைக் கடந்தவர். கும்பகோணம் பக்கத்தில் ஓட்டு வீட்டில் வாழ்ந்துவிட்டு, கணவர் காலமான பிறகு மகளோடு வந்து இருக்கிறார். மகள் ஹாலில் லேப்டாப் முன்னால் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கிறார். பக்கத்து வீடு என்பதால் என்னைத் துணைக்கு உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். கதவோரம் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். பேசுவதற்கு எனக்கு அங்கே எதுவும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மூத்தவர் டேப்பை இழுக்கிறார். அகலம் 5 அடி, உயரம் 4 அடி. இரண்டு கண்ணாடிக் கதவுகள், ஒரு கொசுவலைக் கதவு, எல்லாம் தள்ளித் திறக்கிற மாதிரி. தலையை வெளியே நீட்டி மேலே பார்க்கிறார். சன்ஷேடு இல்லை. ஜன்னலைச் சுற்றி அழகுக்கு ஒரு பட்டை மட்டும் துருத்திக்கொண்டிருக்கிறது. அதன் நிழல் கண்ணாடியில் ஒரு சாண்கூட இறங்கவில்லை.

"வெயில் எத்தனை மணிக்குக் கட்டிலுக்கு வருதும்மா?"

"மூணேகாலுக்குத் தலகாணி. நாலு மணிக்குக் கட்டில் பூரா வெயில்தான் தம்பி. அஞ்சு மணிக்கு அந்தப் பீரோவைத் தொட முடியாது. மதியத்துல நான் ஹால்லதான் பாயைப் போட்டுக்கறேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னார். இரண்டடிச் சதுர டைல்ஸ். வெயில் இப்போது இரண்டாவது டைல்ஸில் நிற்கிறது. எந்த டைல்ஸைத் தொட்டால் மணி என்ன என்று அவருக்குத் தெரியும். இந்த அறைக்குக் குடிவந்ததிலிருந்து அவருடைய பிற்பகல்கள் அந்த ஒளிக்கட்டத்தின் முன்னால் பின்வாங்கிக்கொண்டே வந்திருக்கின்றன. கட்டிலைச் சுவரோடு தள்ளிப் போட்டிருக்கிறார்கள். தலைமாட்டைக் கால்மாடாக மாற்றியிருக்கிறார்கள். கனமான திரை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். திரையின் வெயில் படும் பக்கம் வெளுத்துப்போயிருக்கிறது. அதன் மடிப்புக்குள் மட்டும் பழைய அரக்கு நிறம் தங்கியிருக்கிறது.

சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒருமுறை, ஆகஸ்ட் நடுவில் ஒருமுறை என ஆண்டுக்கு இரண்டு தடவை உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும். அந்த நேரத்து வெயில் மொட்டைமாடியின் மேல் விழுகிறது. சுவரையும் ஜன்னலையும் அவ்வளவாகத் தொடுவதில்லை. ஜன்னலுக்குச் சோதனை நான்கு மணிக்குத்தான். அப்போது சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 33 பாகை உயரத்துக்கு இறங்கி, மேற்குச் சுவரை நேராகப் பார்க்கும். இரண்டடி நீளமுள்ள நல்ல சன்ஷேடு இருந்தாலும் அந்த நேரத்தில் அது தரும் நிழல் ஒன்றேகால் அடிதான். ஐந்து மணிக்கு அதுவும் பாதியாகிவிடும். தெற்கு ஜன்னலைக் காக்கிற சன்ஷேடு மேற்கு ஜன்னலுக்குப் போதாது. இங்கே அந்தச் சன்ஷேடும் இல்லை.

நான்கு மணி வெயிலில் ஒரு சதுர மீட்டர் மேற்குச் சுவரின் மேல் 650 வாட் அளவுக்கு வெப்பம் விழும். சாதாரணக் கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடுகிறது. இந்த ஜன்னலின் பரப்பு இரண்டு சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1,000 வாட். ஒரு இஸ்திரிப் பெட்டியை முழுச் சூட்டில் போட்டு, அந்த அம்மாவின் கட்டிலருகே சாயங்காலம் வரை எரியவிட்டால் எவ்வளவு சூடோ, அவ்வளவு.

உள்ளே வந்த சூடு சுலபத்தில் வெளியேறுவதுமில்லை. சூரிய ஒளியைத் தாராளமாக உள்ளே விடுகிற கண்ணாடி, அந்த ஒளியில் சூடான கட்டிலும் பீரோவும் தரையும் திருப்பி வீசுகிற வெப்பக் கதிரை வெளியே விடாது. மூடிய கண்ணாடி ஜன்னலுள்ள அறை இருட்டிய பிறகும் புழுங்குவதற்கு இது ஒரு காரணம்.

மூத்தவர் பையிலிருந்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டும் ஃபிலிமில் உள்ளங்கை அகலத்தில் மூன்று மாதிரித் துண்டுகளை எடுக்கிறார். ஒன்று நல்ல கறுப்பு. ஒன்று வெள்ளிக் கண்ணாடி மாதிரி முகம் தெரிவது. மூன்றாவதைக் கையில் வைத்துப் பார்த்தால் லேசான புகை நிறம் தவிர ஒன்றும் தெரியவில்லை.

பெரியம்மா தயங்காமல் கறுப்பைத் தொடுகிறார். "இதையே ஒட்டிடு தம்பி. ரூம் இருட்டா இருந்தாத்தான் குளுகுளுன்னு இருக்கும்."

அவர் மறுத்துப் பேசவில்லை. கறுப்புத் துண்டையும் புகை நிறத் துண்டையும் தண்ணீர் தெளித்து, வெயில் விழும் கண்ணாடியில் அருகருகே ஒட்டினார். "கொஞ்ச நேரம் இருங்கம்மா" என்றார். பையன் அதற்குள் கொசுவலைக் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தான். பத்து நிமிடம் போனது. "இப்ப ரெண்டு மேலயும் கையை வெச்சுப் பாருங்க."

பெரியம்மா கறுப்பின் மேல் கை வைத்தவர் உடனே எடுத்துவிட்டார்.

"கறுப்பு வெயிலைக் குடிச்சிடும்மா. குடிச்ச சூடு எங்க போகும்? கண்ணாடி சுடும். கண்ணாடி சுட்டா ஒரு பங்கு வெளிய போகும், ஒரு பங்கு உங்க பக்கம்தான் வரும். இருட்டு வேற, குளிர்ச்சி வேற."

பள்ளிக்கூடப் பாடத்தில் வர வேண்டிய செய்தி இது. சூரியனிடமிருந்து வரும் ஆற்றலில் கண்ணுக்குத் தெரியும் ஒளி பாதிக்கும் குறைவு. சுமார் பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் (ஐஆர்). மிச்சம் சில விழுக்காடு புற ஊதாக் கதிர். சாயம் ஏற்றிய விலை குறைந்த கறுப்பு ஃபிலிம் முதன்மையாகக் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்குகிறது. அறை இருட்டாகிறது. அகச்சிவப்பில் பெரும்பகுதி அதன் வழியே உள்ளே போகிறது. பகலிலேயே டியூப் லைட் போட வேண்டியதாகிறது. வெள்ளி நிற ஃபிலிமில் அலுமினியம் போன்ற உலோகத்தை வெற்றிடத்தில் ஆவியாக்கி மெல்லிய படலமாகப் படியவிட்டிருப்பார்கள். அது வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. சூட்டைத் தடுப்பதில் அது கெட்டிக்காரன். ஆனால் எதிர்வீட்டுக்காரரின் கண்ணில் அந்த வெயில் போய் விழும், உப்புக் காற்றுள்ள இடங்களில் நாளடைவில் விளிம்பு கறுக்கலாம். செராமிக் என்று சொல்லப்படும் மூன்றாவது வகையில் நுண்ணிய துகள்கள் ஒளியை ஓரளவு விட்டு அகச்சிவப்பைப் பிடித்துக்கொள்கின்றன. விலை கறுப்பைப் போலப் பல மடங்கு.

மகள் மீட்டிங்கின் இடைவேளையில் எட்டிப் பார்க்கிறார். "அண்ணா, விளம்பரத்துல 95 பர்சன்ட் ஹீட் கட்டுன்னு போட்டிருந்துதே?"

அவர் ரோலின் அட்டையைத் திருப்பி, பெரிய எழுத்துக்குக் கீழே இருந்த சின்ன எழுத்தை விரலால் காட்டுகிறார். "95ங்கறது ஐஆர் மட்டும் மேடம். மொத்த வெயில்ல எவ்வளவு நிறுத்துதுன்னா டிஎஸ்இஆர் பாக்கணும். இதுக்கு 53. அதுதான் நெசம்."

அவருடைய பையில் ஒரு சிறிய மரப்பெட்டியும் இருக்கிறது. உள்ளே சிவப்பு பல்பு. கடையில் வாடிக்கையாளர் கையை அதன் எதிரே வைக்கச் சொல்லி, நடுவில் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியைச் செருகுவார்கள். சூடு சட்டென்று மறைந்துவிடும். பார்ப்பவர் அசந்துபோவார். அந்தப் பெட்டியை அவர் வெளியே எடுக்கவே இல்லை. "அந்த பல்பு விடறது முக்கால்வாசி ஐஆர்தான். அதுல எந்த செராமிக்கும் நல்லாத்தான் தெரியும். வெயிலுக்கு வாங்கறதை வெயில்ல பாக்கணும்" என்று பையனிடம் சொன்னார். பையன் தலையாட்டினான். அந்தப் பையன் அன்று கற்றுக்கொண்ட பாடங்களில் நேர்மையும் ஒன்று.

53 என்ற எண்ணுக்கு என்ன பொருள் என்று சொல்லிவிடலாம். ஜன்னலின் மேல் விழும் மொத்தச் சூரிய ஆற்றலில் 53 விழுக்காடு நின்றுபோகும். 47 உள்ளே வரும். வெறும் கண்ணாடியே ஐந்தில் ஒரு பங்கை நிறுத்திக்கொண்டிருந்தது. ஆகவே நான்கு மணிக்கு 1,000 வாட்டாக இருந்தது 570 வாட் அளவுக்குக் குறையும். இது சின்ன விஷயமில்லை. அதே நேரம், வெயிலே வராத மாதிரி ஆகிவிடும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

புகை நிற ஃபிலிம் என்று முடிவாகி, வேலை தொடங்குகிறது. முதலில் கண்ணாடியைச் சுத்தம் செய்கிறார். துணியால் துடைப்பதோடு விடவில்லை. சோப்புத் தண்ணீரைத் தெளித்து, புது பிளேடைச் சாய்வாகப் பிடித்து, மேலிருந்து கீழாகக் கண்ணாடி முழுக்கச் சுரண்டுகிறார். வெறும் கண்ணுக்குத் தெரியாத பெயின்ட் புள்ளிகளும் சிமென்ட் துகள்களும் பிளேடில் மாட்டிக் கரகரக்கின்றன. சத்தம் நிற்கும்வரை சுரண்டுகிறார். "ஒரு மண்ணு உள்ள மாட்டினாலும் அது பத்து வருஷம் கண்ணுல குத்தும்டா" என்கிறார் பையனிடம். மின்விசிறியை நிறுத்தச் சொல்கிறார். தூசி பறக்கக்கூடாதாம். அறையின் சூடு ஏறுகிறது. அவருடைய முதுகில் சட்டை ஒட்டிக்கொள்கிறது.

பையன் தரையில் ரோலை விரித்து, கண்ணாடியைவிட ஓர் அங்குலம் கூடுதலாக வைத்து வெட்டுகிறான். ஃபிலிம் என்பது பாலியெஸ்டர். கனம் ஐம்பது மைக்ரான் இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. அதன் பசைப் பக்கத்தை இன்னொரு மெல்லிய தாள் மூடியிருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்போது எது ஃபிலிம், எது தாள் என்று பார்த்துச் சொல்ல முடியாது. மூலையில் முன்பக்கம் ஒரு துண்டு செலோடேப், பின்பக்கம் ஒரு துண்டு. இரண்டையும் எதிரெதிராக இழுத்ததும் மூலை பிரிகிறது. பையன் தாளை உரித்துக்கொண்டே போக, மூத்தவர் பின்னாலேயே பசையின் மேல் தண்ணீர் அடித்துக்கொண்டு வருகிறார். தண்ணீரில் நாலு சொட்டு பேபி ஷாம்பு கலந்திருக்கிறார். அந்த வழுவழுப்பு இருந்தால்தான் ஒட்டிய பிறகும் நகர்த்தி நேர்செய்ய முடியும்.

இருவரும் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று கண்ணாடியில் சேர்க்கிறார்கள். மேல் விளிம்பு சற்றுக் கோணல். மூத்தவர் இரண்டு உள்ளங்கையையும் ஃபிலிம் மேல் வைத்து மெதுவாக வலப்பக்கம் தள்ளுகிறார். அது தண்ணீரில் மிதந்து நகர்ந்து நேராக நிற்கிறது. மேலே மறுபடி தண்ணீர். பிறகு ரப்பர் வைப்பரை நடுவில் வைத்து, ஓர் அழுத்தம் இடப்பக்கம், ஓர் அழுத்தம் வலப்பக்கம். ஒவ்வொரு இழுப்பிலும் பால் நிறத் தண்ணீர் விளிம்புக்கு ஓடி வந்து சட்டத்தில் வழிகிறது. பையன் துணியால் அதை வாங்கிக்கொள்கிறான். அழுத்தத்தில் மூத்தவரின் மணிக்கட்டு நரம்பு புடைக்கிறது. ஒரே இடத்தில் இரண்டு தடவை போனாலும் கோடு விழவில்லை.

பிறகு விளிம்பு வெட்டு. ஒரு பிளாஸ்டிக் பட்டையைச் சட்டத்தின் ஓரமாக வைத்து அதன்மேல் பிளேடை ஓட்டுகிறார். சட்டத்தின் ரப்பருக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விடுகிறார். தண்ணீர் வெளியேறவும், பின்னால் விளிம்பு மடங்கி உரியாமல் இருக்கவும் அந்த இடைவெளி வேண்டும். கண்ணாடியின் மேல் பிளேடு படும்போது ஆழமாக அழுத்தவில்லை. கீறல் விழுந்த கண்ணாடி சூடேறினால் அந்தக் கீறலிலிருந்துதான் விரியும்.

விரிசல் உண்டா என்று அவர் முன்பே பார்த்திருந்தார். கண்ணாடியைத் தட்டிப் பார்த்து, ஓரத்தில் உடைந்திருக்கிறதா என்று விரலால் தடவி, இரட்டைக் கண்ணாடியா, கம்பி வலை பதித்ததா, ஏற்கெனவே நிறம் ஏற்றியதா என்று பார்த்த பிறகே ரோலை எடுத்தார். ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி முன்னைவிட அதிகமாகச் சூடேறும். நடுவில் சூடும் ஓரத்தில் நிழலுமாக இருந்தால் அழுத்தம் தாங்காமல் சில வகைக் கண்ணாடிகள் உடையும். எந்த ஃபிலிம் எந்தக் கண்ணாடிக்கு ஆகும் என்று தயாரிப்பாளர்கள் பட்டியலே கொடுக்கிறார்கள். அதைப் பார்க்காமல் ஒட்டுகிறவரிடம் வேலையைக் கொடுக்கக் கூடாது.

இந்தக் கை எங்கே பழகியது என்பது பேச்சில் தெரியவந்தது. பெரியம்மா மோர் கொண்டுவந்து கொடுத்து, "எத்தனை வருஷமா தம்பி இந்த வேலை?" என்று கேட்டார்.

"சின்ன வயசுலேர்ந்தும்மா. முன்னாடி எல்லாம் கார்தான். மவுன்ட் ரோடு பக்கம் கடையில நாளைக்கு நாலு அஞ்சு வண்டி ஒட்டுவோம். 2012ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துது. ஒட்டின கையாலேயே உரிச்சோம். அப்புறந்தான் வீட்டுக் கண்ணாடிக்கு வந்தேன்."

2012 ஏப்ரலில் வந்தது அந்தத் தீர்ப்பு. கார் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. மே 4 முதல் நடைமுறைக்கு வந்தது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் நடக்கும் குற்றங்களைத் தடுப்பது அதன் நோக்கம். சாலைக்கு அது தேவையாக இருந்திருக்கலாம். ஆனால் ஊர் ஊராக ஃபிலிம் ஒட்டிப் பிழைத்தவர்களுக்கு அந்தக் கோடையில் வேலை போனது. அவர்களில் சிலர் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் வந்து சேர்ந்தார்கள். காரின் வளைந்த கண்ணாடியில் ஹீட் கன் வைத்துச் சுருக்கி ஒட்டிப் பழகிய கை என்பதால்தான் இந்தத் தட்டைக் கண்ணாடியில் ஒரு குமிழிகூட நிற்கவில்லை.

ஜன்னல் வழியே எதிர் பிளாக்கின் முதுகு தெரிகிறது. அது கிழக்கு பார்த்தது, காலை வெயில் அதன் மேல்தான். மாடி மாடியாகப் பார்க்கிறேன். ஒரு ஜன்னலில் சமையலுக்கு வாங்கும் அலுமினியத் தாளை ஒட்டியிருக்கிறார்கள். ஒன்றில் தெர்மோகோல் அட்டை. ஒன்றில் நாளிதழ், வெயிலில் பழுப்பேறிப் பொரிந்துபோயிருக்கிறது. ஒன்றில் பழைய பருத்திப் புடவை இரண்டு ஆணிகளில் தொங்குகிறது. ஒன்றில் ஏதோ விழாவின் ஃப்ளெக்ஸ், எழுத்து உள்பக்கமாகத் திருப்பி. பல லட்சம் கடன் வாங்கிக் குடிவந்த வீடுகள் இவை. விற்பனைப் படத்தில் பெரிய ஜன்னல்கள் பளபளத்திருக்கும். எந்த நேரத்து வெயில் எங்கே விழும் என்பது அந்தப் படத்தில் இருக்காது. அதைத் தெரிந்துகொண்டபின் ஒவ்வொரு குடும்பமும் கையில் கிடைத்ததை வைத்துத் தன் ஜன்னலை மூடிக்கொள்கிறது.

பையன் வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வருகிறான். "உங்க வீட்டுல ஒட்டியிருக்கியாப்பா?" என்று பெரியம்மா அவனைக் கேட்டார்.

"இல்ல பாட்டி. இங்கதான் எழில் நகர் ஹவுசிங் போர்டு. எங்களுது மேல் மாடி. ஜன்னல் பிரச்சினையே இல்ல, தளம்தான். ராத்திரி பன்னெண்டு மணிக்கும் சீலிங்கைத் தொட்டா சுடும்."

மூத்தவர் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு ஷீட்டு வீடும்மா."

பெரியம்மா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு டம்ளர் மோர் ஊற்றினார்.

நான்கு மணியாகிவிட்டது. இரண்டு கதவுகளும் முடிந்தன. வெயில் கட்டிலின் மேல் இருக்கிறது. ஒளிக்கட்டம் மறையவில்லை; கண்கூச்சம் குறைந்திருக்கிறது. பெரியம்மா எழுந்து வந்து கட்டிலில், அந்த வெயிலிலேயே உட்காருகிறார். கையை நீட்டிப் புறங்கையில் வெயிலை வாங்கிப் பார்க்கிறார். பிறகு கன்னத்தில். "சுடலை" என்றார். சற்றுப் பொறுத்து, "கொஞ்சம் இருக்கு. முன்ன மாதிரி இல்ல" என்று திருத்திக்கொண்டார். இந்த ஃபிலிமைப் பற்றி எந்த விளம்பரமும் இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது.

"ஒரு மாசம் கண்ணாடியைத் துடைக்காதீங்க. அங்கங்க தண்ணி புகை மாதிரி தெரியும், தானா காஞ்சிடும். அப்புறம் துடைச்சாலும் வெறும் சோப்புத் தண்ணி, மெத்துனு துணி. அமோனியா இருக்கிற லிக்விட் வேணாம், ஸ்காட்ச் பிரைட் வேணவே வேணாம்" என்று மூத்தவர் சொல்லிக்கொண்டிருந்தார். இரவில் உள்ளே விளக்கு எரிந்தால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே தெரியும், திரையை எடுத்துவிட வேண்டாம் என்பதையும் சொன்னார். கேட்காமலே சொன்னார்.

மகள் கேட்டார்: "இனிமே ஏசி போட வேண்டாமாண்ணா?"

"போடுவீங்க மேடம். 22ல வெக்கறதை 25ல வெக்கலாம்."

ஏசியின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் மின்சாரம் சுமார் 6 விழுக்காடு மிச்சமாகும் என்று மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பான பிஇஇ கணக்குச் சொல்கிறது. இரண்டு மாத பில்லில் 500 யூனிட்டைத் தாண்டுகிறதா, தாண்டவில்லையா என்று விரலில் எண்ணிக்கொண்டிருக்கும் வீடுகளுக்கு அது கணிசமான மிச்சம்.

அப்போதுதான் பெரியம்மா எழுந்துபோய் ஜன்னல் கதவை ஒருபக்கம் தள்ளித் திறந்தார். நாலரை மணிக்குக் காற்றுக்காகத் திறப்பது அவர் வழக்கம். திறந்த பாதியில் ஃபிலிம் ஏது? வெயில் பழைய வேகத்தோடே கட்டிலில் விழுந்தது. அவர் திரும்பி மூத்தவரைப் பார்த்தார்.

"மூடி வெச்சாத்தான்மா இது வேலை செய்யும்" என்றார் அவர். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வருத்தம் இருந்தது. "காத்தும் வேணும் வெயிலும் வேணாம்னா, கண்ணாடிக்கு வெளியில தட்டி கட்டணும். அதுக்குத்தான் அசோசியேஷன்ல விட மாட்டாங்களே."

இந்த விஷயத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. ஃபிலிம் நிற்பது கண்ணாடியின் உள்பக்கம். அது பிடித்துக்கொண்ட சூட்டில் ஒரு பங்கு எப்படியும் அறைக்குள்தான் வரும். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தினால், சூடு வெளியிலேயே காற்றோடு போய்விடும். ஜன்னலையும் திறந்து வைத்துக்கொள்ளலாம். மூங்கில் தட்டிக்கும் வெட்டிவேர் தட்டிக்கும் தாழ்வாரத்துக்கும் வேலை இதுதான். திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் செங்கல்லில் கட்டிய ஜாலிச் சுவர்களுக்கும், சண்டிகரில் லெ கொர்புசியே ஜன்னலுக்கு முன்னால் நிறுத்திய கான்கிரீட் தடுப்புகளுக்கும் வேலை இதுதான். அந்தக் கட்டடக் கலைஞர்கள், வெயில் வீட்டைத் தொடுமுன் அதைத் தடுத்தார்கள். அந்தக் கும்பகோணத்து ஓட்டு வீட்டில் பெரியம்மாவின் மாமனாரோ, அவருக்கு முன்னிருந்தவரோ இதைப் படித்துத் தெரிந்துகொண்டிருக்க மாட்டார். தாழ்வாரத்தைத் தாழ இறக்கிக் கட்டினார், அவ்வளவுதான்.

இன்று அதை ஏட்டிலேயே எழுதி வைத்திருக்கிறோம். குடியிருப்புக் கட்டடங்களுக்கான எரிசக்திச் சிக்கன நெறிமுறையான 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா'வை மத்திய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்டது. சுவர், ஜன்னல் வழியாக வீட்டுக்குள் நுழையும் வெப்பத்துக்கு அது உச்சவரம்பு வைக்கிறது. நம்முடையதைப் போல் வெக்கையும் ஈரமும் சேர்ந்த பகுதிகளில், தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது காற்றுக்குத் திறக்கும்படி ஜன்னல்கள் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஏட்டில் இருப்பது இந்தப் பெரும்பாக்கத்து ஜன்னலுக்கு எட்டியிருந்தால், சுவரை விட்டு முன்னால் வந்த ஒரு பெட்டிச் சட்டமோ, பக்கவாட்டுத் தடுப்போ இங்கே இருந்திருக்கும். கட்டும்போதே வைத்திருந்தால் ஆகும் செலவு, பின்னால் ஒவ்வொரு வீடும் ஃபிலிமுக்கும் ஏசிக்கும் மின்சாரத்துக்கும் ஆயுள் முழுக்கக் கட்டும் தொகைக்கு முன் நிற்காது.

மூத்தவர் துண்டுத் தாள்களைப் பொறுக்கி, பிளேடுகளைக் காகிதத்தில் சுற்றித் தனியாக எடுத்துக்கொண்டார். பையன் தரையை மெழுகித் துடைத்தான். கொசுவலைக் கதவை மாட்டினார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு, "மழை ஜன்னலுக்கு உள்ள அடிச்சா மட்டும் விளிம்பைப் பாருங்கம்மா, ஏதாவதுன்னா போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்கு நடந்தார்கள். அடுத்த வேலை நாவலூரில், அதுவும் மேற்கு ஜன்னலாம்.

பார்த்ததிலிருந்து சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். வாடகை வீட்டில் இருப்பவருக்கும், வெளிச்சுவரைத் தொட உரிமையில்லாத உயர்மாடிக்காரருக்கும், பகலில் ஏசியோடு மூடிக்கிடக்கும் அறைக்கும் ஃபிலிம் நல்ல துணை, வாங்கலாம். கிழக்கு, மேற்கு ஜன்னல்களுக்கு முதலில் ஒட்டுங்கள். வடக்கு ஜன்னலுக்கு அவசரமில்லை. கறுப்பைப் பார்த்து மயங்காதீர்கள். ஐஆர் எவ்வளவு என்று கேட்காமல், டிஎஸ்இஆர் எவ்வளவு என்று கேளுங்கள். எத்தனை விழுக்காடு வெளிச்சம் உள்ளே வரும் என்றும் கேளுங்கள். துண்டை வெயிலில் ஒட்டி, அதன் பின்னால் கை வைத்துப் பார்த்து வாங்குங்கள். ஏசி இல்லாமல் காற்றை நம்பி ஜன்னலைத் திறந்து வைக்கும் வீடாக இருந்தால், அந்தப் பணத்தில் வெளியே தட்டி கட்டுங்கள். அடுக்கக சங்கத்தில் இருப்பவர்கள், கட்டடத்தின் முகம் கெடும் என்று தட்டியைத் தடுக்காமல், எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரியான வெளித்திரைக்கு ஒரு தீர்மானம் போடுங்கள். புதிதாக வீடு கட்டுகிறவர்களும் வாங்குகிறவர்களும் மே மாதத்து நான்கு மணிக்கு ஒருமுறை அந்த மேற்கு அறையில் போய் நின்று பாருங்கள். சன்ஷேடும் தடுப்பும் இல்லாத மேற்கு ஜன்னலை அப்போதே மறுத்துவிடுங்கள்.

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்துவதுதான் சரியான வழி. அது முடியாத வீட்டுக்குத்தான் ஃபிலிம்.